‘புட் ஆஃப்’ ஏன் புரிவதில்லை? ஃப்ரேசல் வெர்ப்களைப் படிக்கும் முறை

‘புட்’ என்றால் வைப்பது. இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ‘ஆஃப்’ தமிழிலேயே கலந்துவிட்ட சொல். ஆனால் ‘தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்’ என்று ஒருவர் போனில் சொன்னால், பட்டப்படிப்பு முடித்தவர்கூட ஒரு நொடி திகைக்கிறார். கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்பதுதான் செய்தி. ‘போஸ்ட்போன்ட்’ என்று சொல்லியிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும்.

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்றவர்கள். புத்தகம் தந்தவை ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’, ‘எக்ஸ்டிங்விஷ்’ போன்ற கனமான சொற்கள். அவற்றையே வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் ஆங்கிலேயர் ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’, ‘புட் அவுட்’ என்கிறார்கள். கடினமான சொல் தெரிந்திருக்கிறது, எளிதாகத் தோன்றுவதுதான் இடறுகிறது. இதில் படிப்பவரின் குறை எதுவும் இல்லை. ஆங்கிலம் இரண்டு அடுக்காக வளர்ந்த மொழி.

1066இல் பிரான்ஸின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. சமயத்துக்கும் கல்விக்கும் லத்தீன். ‘போஸ்ட்போன்’ வகைச் சொற்கள் அந்த வழியில் வந்தவை. உழவரும் கைவினைஞரும் பேசிய பழைய ஆங்கிலம் தன் சிறிய வினைகளையே வைத்துக்கொண்டது. முதலில் அது வினைக்கு முன்னால் ஒட்டுகளைச் சேர்த்துப் புதுப் பொருள் உண்டாக்கியது. ‘அண்டர்ஸ்டேண்ட்’, ‘வித்ஸ்டேண்ட்’, ‘ஃபர்கிவ்’ ஆகியவை அந்தக் காலத்தின் மிச்சம். பின்னர் அந்த ஒட்டு வினைக்குப் பின்னால் நகர்ந்து தனிச் சொல்லாக நிற்கத் தொடங்கியது. அப்படி நிற்கும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்றவற்றை இந்தக் கட்டுரையில் சிறுசொல் என்றே குறிக்கிறேன். வினையும் சிறுசொல்லும் சேர்ந்து தனிப்பொருள் தருவதே ஃப்ரேசல் வெர்ப். 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதியிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித்தே குறித்திருக்கிறார்.

எத்தனை படித்தால் போதும்?

‘ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப்கள்’ என்று அகரவரிசையில் வரும் பட்டியல்களைப் பார்த்து மலைத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த மலைப்பு தேவையில்லை. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர் 2007இல் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை, அதாவது நடைமுறை ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் திரட்டிவைத்த தொகுப்பை, ஆராய்ந்தார்கள். அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஃப்ரேசல் வெர்ப் வந்திருந்தது. வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் மாறி மாறிச் சேர்ந்தே அவற்றில் பாதிக்கு மேல் நிரப்பிவிட்டன. தனித்தனியாக எண்ணினால் 25 ஃப்ரேசல் வெர்ப்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும், 100 ஃப்ரேசல் வெர்ப்கள் பாதிக்கு மேலும் பிடித்திருந்தன.

ஆனால் அந்த 100க்கும் அகராதிக் கணக்கில் 559 பொருள்கள் இருக்கின்றன. ஆள் திணறுவது இங்கேதான். இதற்கும் வழி உண்டு. 2015இல் மெலடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் இருவரும் அடிக்கடி வரும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து, நடைமுறையில் எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு பொருள் தெரிந்தாலே முக்கால்வாசி இடங்கள் புரிந்துவிடும் என்று தெரிந்தது. மொத்தம் 280 பொருள்கள். வாரத்துக்கு 5 ஃப்ரேசல் வெர்ப் என்று வைத்துக்கொண்டால் 150ஐ 30 வாரத்தில் முடிக்கலாம். அகராதியில் ‘கோ ஆன்’ என்பதற்குக் கீழே பத்துப் பொருள் இருந்தால் பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘தொடர்’, ‘நடந்துகொண்டிரு’ என்ற இரண்டைப் பிடித்தால் போதும். மற்றவை எதிரே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சிறுசொல்லின் பக்கமிருந்து

பெரும்பாலான பாடநூல்கள் வினையை வைத்து அடுக்குகின்றன: ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘லுக் இன்டு’, ‘லுக் அப்’, ‘லுக் அப் டு’, ‘லுக் டவுன் ஆன்’. ஒரே மூச்சில் இந்த ஆறையும் படித்தவருக்கு மறுநாள் எது எதற்கு என்று குழம்பும். எல்லாம் ஒரே முகச்சாயல். வேறுபடுத்திக் காட்டுவது சிறுசொல், அதற்கோ யாரும் விளக்கம் சொல்வதில்லை. நான் பரிந்துரைப்பது எதிர்வழி. சிறுசொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு, அதே பொருளில் வரும் மூன்று நான்கை மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

‘அப்’ நல்ல தொடக்கம். மேலே என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். விலை ‘கோ அப்’ ஆகிறது, சத்தத்தை ‘டர்ன் அப்’ செய்கிறோம், மெதுவாகப் பேசுகிறவரை ‘ஸ்பீக் அப்’ என்கிறோம். இவை உயர்வு. இரண்டாவது பொருள் முழுமை. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடுவது. காகிதத்தை ‘டியர்’ செய்தால் ஒரு கிழிசல் போதும், ‘டியர் அப்’ செய்தால் சுக்குநூறு. தமிழில் ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் இடையில் ‘விடு’ செய்கிற வேலையை இந்த ‘அப்’ ஓரளவு செய்கிறது. மூன்றாவது, தென்படுதல். வராமல் இருந்தவர் ‘ஷோ அப்’ அல்லது ‘டர்ன் அப்’ ஆகிறார், எதிர்பாராத சிக்கல் ‘கம் அப்’ ஆகிறது. கீழே மறைந்திருந்தது மேலே வந்தால் கண்ணில் படும் அல்லவா, அந்த நீட்சி இது.

‘கிவ் அப்’ எந்தக் கூட்டத்திலும் சரியாக உட்காராது. கைவிடுவது, முயற்சியை விட்டுவிடுவது என்று அதைத் தனியாகவே மனத்தில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் விதிக்குள் அடக்கப் பார்க்கிற புத்தகங்கள் இந்த இடத்தில் வலிந்து காரணம் சொல்கின்றன. அது படிப்பவருக்கு உதவாது.

‘அவுட்’ மேலோட்டமாகப் பார்த்தால் தன்னோடு தானே முரண்படும். ‘ஃபைண்ட் அவுட்’, ‘வொர்க் அவுட்’, ‘ஃபிகர் அவுட்’ எல்லாம் தெரியாதது தெரியவருவதைச் சொல்கின்றன. ‘ரன் அவுட்’, ‘புட் அவுட்’, ‘டை அவுட்’ ஆகியவற்றில் இருந்தது இல்லாமல் போகிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தால் முரண் தீரும். மூடிய இடத்துக்கு வெளியே நாம் நின்றால், உள்ளிருந்து வெளியே வருவது நம் கண்ணில் படுகிறது. விடை ‘வொர்க் அவுட்’ ஆகிறது. நாம் உள்ளே நின்றால், வெளியே போவது நம்மிடமிருந்து போய்விடுகிறது. பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆகிறது, நெருப்பை ‘புட் அவுட்’ செய்கிறார்கள். பலருக்குப் பங்கிடும் ‘ஹேண்ட் அவுட்’ கையிலிருந்து வெளியே போவதுதான்.

‘ஆஃப்’ அடிப்படையில் பிரிவைக் குறிக்கிறது. செருப்பை ‘டேக் ஆஃப்’ செய்கிறோம், பொத்தான் ‘ஃபால் ஆஃப்’ ஆகிறது, ஊரை விட்டுக் கிளம்புவது ‘செட் ஆஃப்’, வழியனுப்புவது ‘சீ ஆஃப்’. திட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து எறிந்தால் ‘கால் ஆஃப்’, அதாவது ரத்து. நாளைக்கென்று விலக்கி வைத்தால் ‘புட் ஆஃப்’. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விளைவு பெரிது: ‘புட் ஆஃப்’ ஆன நேர்காணல் பிறகு நடக்கும், ‘கால் ஆஃப்’ ஆனது நடக்காது.

இதே சிறுசொல்லில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அணைந்துவிட்டது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அலாரம் அடித்தது. வெடிகுண்டு ‘கோ ஆஃப்’ ஆனால் வெடித்தது. இறுக்கிப் பிடித்திருந்தது சட்டென விடுபட்டுக் கிளம்புவதுதான் இதில் உள்ள ‘ஆஃப்’. ஆனால் ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்ததுதான். தீயணைப்புப் பயிற்சியிலோ விமான நிலைய அறிவிப்பிலோ இந்த வேறுபாடு விளையாட்டல்ல. பிரிட்டனில் பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போனது என்று பொருள்.

மற்றவை இவ்வளவு சிக்கலானவை அல்ல. ‘ஆன்’ தொடர்ச்சி: ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’. ‘கேரி அவுட்’ என்பது நிறைவேற்றுவது, அதைக் ‘கேரி ஆன்’ உடன் கலக்கக் கூடாது. ‘டவுன்’ குறைவு அல்லது நிறுத்தம்: ‘கட் டவுன்’, ‘ஸ்லோ டவுன்’, ‘ஷட் டவுன்’. ‘பேக்’ திரும்புதல். ‘ஓவர்’ ஒருமுறை முழுவதும் பார்ப்பது: விடைத்தாளைக் கொடுக்கும் முன் ‘கோ ஓவர்’ செய்வது நல்லது.

இட் எங்கே வரும்?

பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் தவறு வருவது செயப்படுபொருளின் இடத்தில்தான். தமிழில் ‘கண்டுபிடி’, ‘விட்டுக்கொடு’, ‘தள்ளிப்போடு’ போன்றவற்றில் இரண்டு வினைகள் பிரியாமல் ஒட்டி நிற்கின்றன. காலம் காட்டும் இடைநிலையும் விகுதியும் கடைசியில் சேரும்: கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் காலம் முதல் உறுப்பில் ஏறும், ‘கிவ் அப்’ இறந்தகாலத்தில் ‘கேவ் அப்’. நடுவில் வேறு சொல்லும் நுழையலாம். இந்த இரண்டும் நமக்குப் பழக்கமில்லாதவை.

நான்கு வகை உண்டு. செயப்படுபொருளே வேண்டாதவை: ‘தி பஸ் புரோக் டவுன்’, ‘ஹீ டிட்ன்ட் ஷோ அப்’. இவற்றில் பிரச்சினை இல்லை. இரண்டாவது, பிரியக்கூடியவை: ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பெயருக்குப் பதில் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ வந்தால் நடுவில்தான் வர வேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’ சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. இதற்கு விலக்கே இல்லை. செயப்படுபொருள் நீண்டுவிட்டால், உதாரணமாக ‘நேற்று வாங்கிய பழைய மேசை விசிறியை’ என்பதுபோல் ஆகிவிட்டால், அது பின்னால் வருவதே இயல்பு. சிறுசொல்லை அவ்வளவு தூரம் காத்திருக்கவைத்தால் கேட்பவர் வாக்கியத்தைத் தவறவிடுவார்.

மூன்றாவது, பிரியாதவை: ‘லுக் ஆஃப்டர் ஹர்’, ‘லுக் இன்டு இட்’, ‘லுக் ஃபார் தெம்’. ‘லுக் ஹர் ஆஃப்டர்’ என்று சொல்லவே முடியாது. நான்காவது மூன்று சொல் கொண்டவை: ‘புட் அப் வித்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘ரன் அவுட் ஆவ்’. இவை பெரும்பாலும் பிரியாதவை. கடைசியில் உள்ள ‘ஆவ்’ எழுத்தில் ஒரே ஒரு ‘எஃப்’ உள்ள சொல். ‘எஃப்’ இரண்டு உள்ளது ‘ஆஃப்’. பள்ளியில் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரித்துப் பழகியவர்கள் இதைக் கவனமாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிரியுமா பிரியாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுவில் ஒரு வினையடையைச் செருகிப் பாருங்கள். ‘ஹீ லுக்ட் கேர்ஃபுலி இன்டு தி மேட்டர்’ ஓடுகிறது. அப்படியென்றால் அது பிரியாத வகை. ‘ஹீ டர்ன்ட் குவிக்லி ஆஃப் தி லைட்’ முடமாக நிற்கிறது. அது பிரியும் வகை. இந்தச் சோதனைக்கு ஆங்கிலக் காது கொஞ்சம் வேண்டும். இன்னும் பழகாதவர்களுக்கு, ஆங்கிலம் கற்போருக்கென்றே தயாரித்த அகராதி போதும். வினையின் பதிவுக்குக் கடைசியில் ஃப்ரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவில் ‘சம்திங்’ அல்லது ‘சம்படி’ என்பதன் சுருக்கம் இருந்தாலோ, இருபக்க அம்புக்குறி இருந்தாலோ அது பிரியும். சுருக்கம் கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. இந்தக் குறியைப் பார்க்கத் தெரியாமலே வருடக்கணக்கில் அகராதி புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘லுக் ஃபார்வர்ட் டு’ பற்றித் தனியாக ஒரு சொல். கடிதங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறோம். இங்கே ‘டு’ வினையெச்சத்தின் ‘டு’ அல்ல, மூன்றாவது சிறுசொல். அதன் பின் பெயரோ ‘இங்’ வடிவமோதான் வரும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’.

தமிழ்ப் பேச்சிலிருந்து வரும் தவறுகள்

‘லைட்டை ஆஃப் பண்ணு’, ‘ஃபேனை ஆன் பண்ணு’ என்று நாம் சிறுசொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வினை வேலையைப் ‘பண்ணு’விடம் கொடுத்துவிட்டோம். தமிழுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ‘பண்ணு’ உதிர்ந்துவிட, ‘ஆஃப் தி லைட்’ என்று வினையில்லாத வாக்கியம் மிஞ்சுகிறது. ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’ முன்னால் வந்தே ஆக வேண்டும்.

பேருந்திலிருந்து ‘கெட் டவுன்’ என்பதும் ‘இறங்கு’ என்ற தமிழ் வினையின் வேலை. இந்தியா முழுவதும் புழங்குவதால் இங்கே யாரும் குழம்பமாட்டார்கள். வெளிநாட்டில் சொன்னால் குனிந்து பதுங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். பேருந்து, ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியா, உட்கார மட்டும் முடிகிறதா என்று பார்த்தால் அநேகமாகச் சரியாக வரும்.

‘கோப் அப் வித்’ என்பது நம் நாட்டில் வேரூன்றிய பிழை. ‘கேட்ச் அப் வித்’, ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ எல்லாவற்றிலும் ‘அப்’ இருப்பதால் இதிலும் ஒட்டிக்கொண்டது. சரியானது ‘கோப் வித்’. ‘ரிட்டர்ன் பேக்’கில் ‘பேக்’ மிகை, திரும்புதல் ‘ரிட்டர்ன்’ உள்ளேயே இருக்கிறது. கல்லூரியிலிருந்து ‘பாஸ்ட் அவுட்’ ஆனேன் என்று பயோடேட்டாவில் எழுதுவதை விட்டுவிடுவது நல்லது. ராணுவ, காவல் பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்பிலிருந்து வந்த வழக்கு அது. பிற நாட்டு வாசகர் நீங்கள் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார். ‘கிராஜுவேட்டட்’ எந்த நாட்டிலும் செல்லும். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை நாம் ‘ப்ரீபோன்’ என்கிறோம். பிரிட்டனில் அதற்கு வழக்கமான சொல் ‘பிரிங் ஃபார்வர்ட்’.

தமிழில் ஏற்கெனவே இருக்கும் பெயர்ச்சொற்கள் உதவிக்கு வரும், கொஞ்சம் எச்சரிக்கையோடு. ‘பிரேக்டவுன்’, ‘டேக் ஆஃப்’, ‘கட்ஆஃப்’, ‘பேக்கப்’, ‘ஃபாலோ அப்’ எல்லாம் ஃப்ரேசல் வெர்ப்களிலிருந்து பிறந்தவை. பெயராக வரும்போது அழுத்தம் முதல் பகுதியில், வினையாக வரும்போது சிறுசொல்லில். ஆனால் ‘பில்டப்’ தமிழில் மிகைப்படுத்துவது, ஆங்கிலத்தில் அது சிறிது சிறிதாகச் சேர்ந்து பெருகுவது. தமிழில் ‘கெட்டப்’ தோற்றம். ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் ஏறக்குறைய அதுவே, ஆனால் வினையாக ‘கெட் அப்’ என்றால் எழுந்திருப்பது.

ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை, அலுவலகக் கடிதத்தில் வரக் கூடாது என்றொரு நம்பிக்கை வகுப்பறைகளில் உண்டு. அது சரியல்ல. ‘கேரி அவுட்’, ‘செட் அப்’, ‘பாயின்ட் அவுட்’ மூன்றும் ஆய்வுக் கட்டுரையிலும் அரசாங்க அறிக்கையிலும் தாராளமாக வருகின்றன. ‘ஃபிகர் அவுட்’, ‘மெஸ் அப்’ போன்றவை பேச்சுக்கு உரியவை.

நோட்டில் எழுதும்போது ‘புட் ஆஃப் = தள்ளிவை’ என்ற ஒற்றை வரி போதாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: பெயரோடு ஒன்று, ‘இட்’ அல்லது ‘தெம்’ போட்டு ஒன்று, இறந்தகாலத்தில் ஒன்று. பிரியாத வகை என்றால் இரண்டாவது வாக்கியமே அதைக் காட்டிக்கொடுக்கும். வாரம் 5க்கு 15 வாக்கியம். அவற்றைக் கண்ணால் படித்துவிட்டு மூடிவைக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சிறுசொல்லை அழுத்தி. ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் குரல் உயர வேண்டியது ‘ஆஃப்’ மேல். ‘லுக் அட் இட்’ போன்ற பிரியாத வகையில் அழுத்தம் ‘லுக்’ மேல், ‘அட்’ நலிந்துபோகும்.

வேகமான பேச்சில் இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இடைவெளியே இல்லாமல் வருகின்றன. ‘பிக் இட் அப்’ காதில் விழுவது ‘பிக்கிடப்’ என்று. ‘புட் இட் ஆஃப்’ ‘புடிடாஃப்’ ஆகிறது, ‘வொர்க் இட் அவுட்’ ‘வொர்க்கிடவுட்’ ஆகிறது. பொருள் நன்றாகத் தெரிந்தவருக்கும் ஆங்கிலப் படமோ தொலைபேசி உரையாடலோ நழுவிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: தெரிந்த மூன்று சொல் தெரியாத ஒரு சொல்லாகக் கேட்கிறது. ஆகவே அந்த 15 வாக்கியங்களில் ‘இட்’ வரும் ஐந்தையும் முதலில் பிரித்து ஒருமுறை, பிறகு ஒட்டி இரண்டு முறை சொல்லிப் பழகுங்கள்.